ஆறிக் கிடக்கும் குவியல்

தகரக் கொட்டகைக்குள் மூன்று மணி வெயில் புழுங்குகிறது. சாக்கடை நீரைச் சுத்திகரித்தபோது எடுத்த வண்டல், ஈரச் சாக்குகளுக்கு அடியில் கறுப்பாகக் குவிந்திருக்கிறது. பானுப்பிரியா முழங்கை வரை கையை உள்ளே நுழைக்கிறாள். போன வாரம் டிரம்மில் வெல்லத் தண்ணீரோடு கலந்து ஊற்றிய மண் நுண்ணுயிர்கள் உயிரோடு இருந்தால், வண்டலில் இறுகிய மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, பயிருக்காக இளக்கிக்கொண்டிருக்கும். குவியலும் கையைச் சுடும். ஆனால் சில்லென்று இருக்கிறது.

"அண்ணே, கலக்குறதுக்கு முன்னாடி டிரம்ம என்ன செஞ்சீக?"

வண்டல் அள்ளும் சகாயம் வாளியைக் கீழே வைக்கிறார். "நல்லாக் கழுவுனேன் தாயி. ஆர்.எஸ்.மங்கலத்து விவசாயி போன தடவ மூக்கப் பொத்திக்கிட்டுத் திரும்பிப் போனாருல்ல. அதான் பிளீச்சிங் பவுடரக் கரைச்சு, அதுலயே கையையும்..." அந்தப் பவுடர் நுண்ணுயிர்களையும் கொன்றிருக்கும் என்று பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிடுகிறது.

நாளைக் காலையில் அந்த விவசாயியின் டிராக்டர் வருகிறது. அதற்குள் எதுவும் ஆகாது. இருந்தும் பானுப்பிரியா வெல்லத்தை எடுத்து மறுபடியும் உடைக்கத் தொடங்குகிறாள். வெளியே உப்புக்காற்றில் கருவேலங்காய்கள் சலசலக்கின்றன. சகாயம் உள்ளங்கையை முகர்கிறார். பழைய நாற்றம் திரும்பியிருக்கிறது.

"பவுடர்ல கையக் கழுவுன அன்னைக்கு ஒருநாத்தான் தாயி, பேத்தி எங்கையால சோறு வாங்கிக்கிட்டா."