ஆரம்ப ஜெபம்

“உங்க பிள்ள இஞ்ச படிக்குதா? இல்லன்னா போயிட்டு வாங்க, அண்ணாச்சி.”

நெய்யூர் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஹால் வாசலில் நின்று, வார்டு மெம்பரையே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார் ஜெபகுமாரி டீச்சர். சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார் வைகுண்டராஜன். எப்படியாவது உள்ளே போயாக வேண்டும்.

அவர் நாகர்கோவிலில் ஒரு படக் கம்பெனியின் ஏஜெண்ட். தங்கள் கம்பெனியின் சிறுவர் சினிமாவை அனுமதி வாங்காமல் பள்ளியில் போட்டால் கேஸ்தான் என்று டீச்சரைப் போனில் மிரட்டியவர். “மாணவர், ஆசிரியர், பெற்றோர் பாத்தா சட்டத்துல தப்பே இல்ல. நான் போடத்தான் செய்வேன், ஆனதப் பாருங்க” என்று டீச்சர் போனை வைத்துவிட்டார்.

வெளியாள் ஒருவர் பார்த்துவிட்டால் போதும், டீச்சரின் சட்டம் செல்லாது. இந்த ஒரு பள்ளியைக் கோர்ட்டுக்கு இழுத்தால் மாவட்டமே பயந்துபோய் அனுமதிக்கு வரிசையில் நிற்கும். அந்த வெளியாளாகத் தானே கிளம்பி வந்திருந்தார் மனுஷன்.

வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், கையில் கறுப்புப் பை. “வணக்கம் டீச்சர்” என்றார். குரலைக் கேட்டதும் டீச்சர் ஒரு நொடி அவர் முகத்தையே பார்த்தார். பிறகு கைகூப்பினார்.

“ஸ்தோத்திரம் ஐயரே, உள்ள வாருங்க.”

சபைப் போதகரை இங்கே ஐயர் என்றுதான் அழைப்பார்கள். உடுப்பைப் பார்த்து ஏமாந்துவிட்டார் டீச்சர் என்று வைகுண்டராஜனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பின்னால் நின்ற பிள்ளைகளும் ஏனோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. டீச்சர் முறைத்த பிறகுதான் அடங்கின.

முன்வரிசையில் உட்காரவைத்து, மைக்கையும் நீட்டி, ஆரம்ப ஜெபம் செய்யச் சொன்னார் டீச்சர். மாட்டேன் என்றால் குட்டு உடைந்துவிடும். தினமும் நாகராஜா கோவிலுக்குப் போகிறவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “ஆண்டவரே, இந்தப் பிள்ளைகளுக்கு நல்ல புத்தி தாரும்” என்று ஒருவழியாக ஒப்பேற்றினார். ஹாலே ஆமென் என்றது.

படம் முடிந்து விளக்கு எரிந்ததுதான் தாமதம், எழுந்துவிட்டார். தான் இன்ன கம்பெனி ஆள், ஆசிரியரும் இல்லை, பெற்றோரும் இல்லை, மிச்சத்தைக் கோர்ட்டில் பேசிக்கொள்ளலாம் என்று எல்லோர் முன்னிலையிலும் மார் தட்டினார்.

டீச்சர் அசையவில்லை. “சட்டத்த முழுசா படிக்கணும் சாரே. பள்ளிக்கூட காரியத்துல பங்கெடுக்கவங்களும் பாக்கலாம்னு அதுல உண்டும். ஜெபம் நடத்தித் தந்தது நீங்கதானே? ஆமென் சொன்ன அத்தன பேரும் சாட்சி.”

வைகுண்டராஜனுக்குப் பிடி நழுவுவது தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. “அது ஆளு தெரியாம நீங்க பண்ணின தப்பு. ஐயருன்னு நெனச்சுல்லா மைக்கத் தந்தீங்க?”

இந்த முறை பிள்ளைகளின் சிரிப்பை டீச்சர் அடக்கவில்லை.

“எங்க சபை ஐயரு எனக்க வீட்டுக்காரரு சாரே.”