உள்ளங்கைக் காய்ப்பு

நடுக்கடல் காற்றாலையில் மூன்று மாதம் கயிற்றில் தொங்கி வேலை பார்த்துவிட்டு பெனடிக்ட் வீடு வந்தான். ஜெசிந்தா வாசலிலேயே புருஷன் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கையின் நீலம் அணையவே இல்லை.

கல்யாணத்தில் மோதிரத்துக்குப் பதிலாக இருவர் உள்ளங்கையிலும் சாயம் ஏற்றுவதுதான் இப்போது வழக்கம். பெண் கையில் நீலம் எரியும். ஆண் கை இருண்டே இருக்கும். தோலோடு தோல் ஒட்டினால் நீலம் அணைந்து, அந்த ஒளி அவன் கையில் செம்மஞ்சளாகப் பூத்து, கை விட்ட பிறகும் ஒரு நாள் நிற்கும். இடையில் காகிதக் கனம் விழுந்தாலும் தாண்டாது. மூன்று மாதமும் ஜெசிந்தா பேருந்தில் கையை மூடியே வைத்திருந்தாள். பளிச்சென்று எரிகிற கை, தனியாக இருப்பவளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"காச்சுப் போச்சுட்டி," என்று பெனடிக்ட் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினான். மாட்டுக் குளம்பு மாதிரி இருந்தது.

தினமும் மதியம் அதை வெந்நீரில் ஊறவைத்துக் கல்லால் தேய்த்தாள். பத்தாம் நாள் தோல் மெலிந்து, ஓரத்தில் செம்மஞ்சள் லேசாகத் துளிர்த்தது.

"ஏட்டி, இன்னும் கொஞ்சம் தேய். வந்துரும்."

அவள் தேய்க்கவில்லை. அந்த இளந்தோலை விரலால் தடவினாள்.

"நாளைக்குப் படகு ஏறணும்லா. இந்தக் கையோட கயிறு புடிச்சா உரிஞ்சிரும்."

"உரிஞ்சா உரியட்டும்."

கல்லை எடுத்து அலமாரியில் வைத்தாள். பிறகு அவன் கையை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் விரலிடுக்குகளில் நீலம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.