தற்காலிகப் பச்சை

மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்த கையோடு தேவசகாயம் அலுவலகம் வந்திருந்தார். மருந்தேற்றும் பம்பின் மென்பொருளைச் சோதிக்கும் நிரலை அன்று விண்டோஸிலிருந்து யுனிக்ஸுக்கு மாற்றியாக வேண்டும். அதற்கே சர்வருக்குச் சந்தனப்பொட்டு, குத்துவிளக்கு, அதை ஏற்ற ஒரு தலைமை விருந்தினர். பழைய நிரலின் செட்டிங்குகளை வரிவரியாகக் கொண்டுவந்தவர் ஒரு வரியில் நின்றார்: சோதனை தோற்றாலும் பச்சை காட்டு. பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்று குறிப்பு. முந்தைய ஏதோ விழாவுக்கு யாரோ போட்டது. அதை மட்டும் விட்டுவிட்டு ஓட்டினார். திரை முழுக்கச் சிவப்பு.

“யுனிக்ஸ் நமக்கு ராசியில்லையோ?” என்றார் மாலையோடு வந்த துணைத்தலைவர்.

“யுனிக்ஸ் மேல தப்பில்ல சார். பம்ப்புதான் மருந்தை அளவு தப்பா ஏத்துது. தோத்தாலும் பச்சை காட்டச் சொல்லி ஒரு வரி இருந்ததால இத்தனை வருஷமா நமக்குத் தெரியல.”

“நல்ல நாள் அதுவுமா ஏன்யா இதெல்லாம்? அந்த வரியைப் போடுங்க. சீஃப் கெஸ்ட் லிஃப்ட்ல ஏறிட்டார்.”

போட்டார். திரை பச்சையானது. விளக்கு ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்போது மனைவி போனில் வந்தாள். “அப்பாவுக்கு உங்க கம்பெனி பம்ப்புதாங்க மாட்டியிருக்காங்க. இனிமே பயமில்லல்ல?”

கைதட்டல் சத்தத்தில் கேட்கவில்லை என்றார். கைதட்டல் ஓய்ந்த பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.