வேலியோரச் செடி

"என்னங்க இது! வேலியோரத்துல இருந்த செடியைக் காணோமே?"

ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய மனைவி கேட்டிலேயே நின்றுவிட்டாள்.

"செடியா? அது வெறும் காட்டுச்செடி. புதரா மண்டிக் கிடந்துச்சு. நுனியெல்லாம் குண்டு குண்டா பூச்சி முட்டை வேற. தரையோட தரையா அறுத்துத் தள்ளிட்டேன்" என்றான் எலக்ட்ரீஷியனான அவள் கணவன், வியர்வையைத் துடைத்தபடி. மகள் வீட்டுக்குப் போயிருக்கும் வீட்டுச் சொந்தக்காரம்மா திரும்பி வந்து பார்த்ததும் அசந்து போக வேண்டும் என்பது அவன் கணக்கு.

"போச்சு! ஊருக்குக் கிளம்பறப்ப வார்டனம்மா எங்கிட்ட சொன்னதே ஒண்ணுதான். 'அந்தச் செடியை மட்டும் பாத்துக்கோம்மா'ன்னாங்க. உங்ககிட்ட சொல்ல மறந்து தொலைச்சிட்டேனே!"

எலக்ட்ரீஷியனுக்கு மறுபடி வியர்த்தது. இந்தத் தடவை வேலை செய்ததால் அல்ல.

கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கு இவர்கள் வைத்த பட்டப்பெயர்தான் வார்டனம்மா. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, கேட்டைத் திறந்து போடக் கூடாது, மொட்டை மாடியில் தடதடவென்று நடக்கக் கூடாது. அலையாய் அலைந்து போன மாதம்தான் இந்த மாடி போர்ஷன் கிடைத்தது. மனைவிக்கு இது நிறைமாதம். இந்த நேரத்தில் காலி பண்ணச் சொன்னால் எங்கே போவது?

நர்சரிக்கு ஓடினான். நர்சரிக்காரர் சிரித்தார்.

"தரிசுல தானா முளைக்கறது தம்பி இது. இதையெல்லாம் நாங்க வைக்கறதில்ல."

சரி, வார்டனம்மா வர இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் எங்காவது தேடிப் பிடித்து நட்டுவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு திரும்பினால், வாசலில் டாக்ஸி. வார்டனம்மா இறங்கிக்கொண்டிருந்தார்.

"மக வீட்டுல ஒரு மாசம் இருப்பேன்னு சொன்னாங்களே!" மனைவி அவன் காதில் கிசுகிசுத்தாள். "நம்மள வேவு பாக்கத்தான் சொல்லாம கொள்ளாம வந்திருக்காங்க. சரியான சந்தேகப் பிராணி!"

வார்டனம்மா பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை. நேரே வேலியோரம் போனார். வெறும் கட்டைகளைப் பார்த்தபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"யார் வெட்டினது?"

"நான்தாம்மா" என்றான்.

"அவருக்குத் தெரியாதும்மா. நான்தான் சொல்ல மறந்துட்டேன். தயவுசெஞ்சு காலி பண்ணச் சொல்லிடாதீங்கம்மா." மனைவி பொலபொலவென்று அழுதேவிட்டாள்.

வார்டனம்மா அவள் முகத்தைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார்.

"வேரைத் தோண்டினியா தம்பி?"

"இல்லம்மா. மேலாக்கத்தான் அறுத்தேன்."

"அப்புறம் எதுக்கு இந்த அழுகை? இது வருஷா வருஷம் வேர்லேருந்து தழைக்கற செடி. அறுத்து விடத்தான் வேணும். என் முட்டி குனிய விட மாட்டேங்குது. எனக்கு ஒரு வேலை மிச்சம். கண்ணைத் தொடைம்மா, இந்த நேரத்துல அழக் கூடாது. நீ என்ன மரம் மாதிரி நிக்கறே? பெட்டியை எடுத்து உள்ள வை."

போன உயிர் திரும்பி வந்தது இருவருக்கும். மாடிப்படி ஏறும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"நான் கை வச்சா எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அந்த உற்சாகத்தில், கீழ் வீட்டில் எரியாமல் கிடந்த வாசல் விளக்கைச் சரிசெய்யச் சாயங்காலம் ஏணி போட்டு ஏறினான். பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே வார்டனம்மா மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"வந்து சேர்ந்துட்டேன்டி... ஆமா, நீ அவ்வளவு கெஞ்சியும் மொட்டு விரியறதைப் பாக்கணும்னுதான் ஓடி வந்தேன். இந்த வருஷம் பூ இல்லடி. பூச்சி முட்டைன்னு நெனச்சானோ என்னவோ, மொட்டோட அறுத்துப் போட்டுட்டான்... கோவம் வராம இருக்குமா? வந்துச்சுதான். ஆனா அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணு நடுங்கிட்டு நிக்குதுடி. வேர் பத்திரமா இருக்கு, பூவை அடுத்த வருஷம் பாத்துக்கலாம். நீ இங்க வர்றப்ப வாய் தவறி அதுங்ககிட்ட உளறி வைக்காதே... நிம்மதியா இருக்கட்டும்."