சுவரோரச் செம்பருத்தி

பிரிக்பீல்ட்ஸில் இருந்த அந்த நகைக்கடையின் முன்வாசலில் துப்பாக்கியோடு காவலாளி, இரும்புக் கதவு, திரும்பிய பக்கமெல்லாம் கேமரா. பின்சந்திலோ வெறும் செங்கல் சுவர். லோகனுக்குப் பின்பக்கம்தான் பிடித்தது.

சுவரை உடைப்பதில் லோகன் கைதேர்ந்தவன். கம்பி எண்ணிவிட்டு வெளியே வந்தபின் இதுதான் அவனுடைய முதல் பெரிய வேலை. நாற்றம் பிடித்த சந்து, யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஒரு சனிக்கிழமைக் காலை நோட்டம் விடப் போனான்.

அங்கே மூன்று பேர் குப்பை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“சும்மா ஏன் நிக்கிற தம்பி? ஒத்தாசை பண்ண வந்தியா?” என்றார் பச்சைச் சட்டை போட்ட ஓர் அம்மா.

ஆமாம் என்பதைத் தவிர லோகனுக்கு வேறு பதில் தோன்றவில்லை. அடுத்த நொடி அவன் கையில் மண்வெட்டி இருந்தது.

அவர் பெயர் உஷாராணி. பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்தி ஓய்ந்தவர். இப்போது ‘பசுமைச் சந்து’ தொண்டர் குழுவின் தலைவி. உடன் இருந்தவர்கள் வீடுகளுக்குச் சாயம் அடிக்கும் வேலாயுதமும், ரயில்வேயில் ஓய்வுபெற்ற நாகையாவும். நகரத்தை அழகுபடுத்துவதைத் தவிர இவர்களுக்கு உலகத்தில் வேறு கவலையே இல்லை போலிருந்தது.

லோகன் கணக்குப் போட்டுப் பார்த்தான். தொண்டனாகிவிட்டால் நாள் முழுக்கச் சுவரோரம் நிற்கலாம். கையில் கடப்பாரை இருந்தால்கூட யாரும் கேட்கமாட்டார்கள். அன்றைக்கே குழுவில் சேர்ந்துவிட்டான்.

சேர்ந்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது.

சுவரோரம் தோண்ட உஷாராணி அவனை விடவே இல்லை. செம்பருத்திக்கு வேர் ஆழமாகப் போக வேண்டும் என்று சொல்லி, அஸ்திவாரம் தெரியும்வரை தானே குழி வெட்டினார். வேலாயுதம் அந்தச் சுவரில் பெரிய மயில் ஒன்று வரையக் கிளம்பினார். பூச்சு எங்கே உப்பியிருக்கிறது என்று பார்க்க, சுவர் முழுக்க விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்ட பிறகே தூரிகையைத் தொட்டார். நாகையா இவர்களுக்கும் ஒரு படி மேலே. செடி திருடுபவர்கள் வருவார்கள் என்று இரவுக் காவலுக்குத் தானே முன்வந்தார். சுவரில் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு, பிளாஸ்க்கில் தே தாரிக் டீயோடு உட்கார்ந்துவிடுவார்.

போதாததற்குச் சந்து முனையில் விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடை. சுத்தியல் ஓசை ஒன்று கேட்டால் போதும், ரொட்டி தின்பவர்கள் எல்லாரும் எழுந்து வந்துவிடுவார்கள்.

மாதங்கள் ஓடின. பழைய லோரி டயர்களில் காகிதப்பூ பூத்துக் குலுங்கியது. சாக்கடை ஓரத்தில் கறிவேப்பிலை தழைத்தது. கல்யாணப் பெண்கள் மயிலுக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். என் கடைக்குப் பின்னால் இப்படி ஒரு சொர்க்கமா என்று நகைக்கடை முதலாளி மனம் குளிர்ந்து, வாராவாரம் வடை வாங்கிக் கொடுத்தார்.

லோகன் நட்ட செம்பருத்தி முதல் பூ விட்டபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. விதவிதமாகப் படம் எடுத்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினான். லோகன் தங்கமான பிள்ளை என்று உஷாராணி பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார். அப்போதெல்லாம் அவன் குனிந்து களை பறித்தான். வெள்ளை மனசுக்காரர்களை ஏமாற்றுகிறோமே என்று நெஞ்சு குறுகுறுத்தது. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தான்.

அந்த நேரத்தில்தான் செய்தி வந்தது. நகரின் அழகான பின்சந்துக்கான போட்டியில் அவர்களுக்கு முதல் பரிசு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் விழா. முதலாளி கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு கைதட்டப் போகிறார், காவலாளியையும் கூட்டிக்கொண்டார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கு வாடகைப் பேருந்து. மாமாக் கடைகூட அன்றைக்கு மூடல்.

சந்து முழுக்கக் காலி. லோகனின் குறுகுறுப்பு ஓடிப்போயிற்று.

சனிக்கிழமை மாலை உஷாராணிக்குப் போன் போட்டான்.

“வயிறு வலிக்குதுக்கா. வர முடியாது போல. நீங்க மூணு பேரும் போய் வாங்கிட்டு வாங்க.”

அவர் துளியும் கோபித்துக்கொள்ளவில்லை. நன்றாகப் படுத்துத் தூங்கச் சொன்னார். நாளைக்கு வீட்டை விட்டு வெளியே அடியெடுத்து வைக்கக்கூடாது என்று அக்கறையோடு இரண்டு முறை சொன்னார். லோகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிறு பிற்பகல், உளியும் சுத்தியலும் போட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். கையில் போன். விழாவை நேரலையில் காட்டினார்கள். மூவரும் மேடையேறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதியாக வேலையைத் தொடங்கலாம்.

தன்னலம் என்றால் என்னவென்றே அறியாத தொண்டர்கள் என்று புகழ்ந்து, அறிவிப்பாளர் உஷாராணியை அழைத்தார். மேடைக்கு யாரும் வரவில்லை. வேலாயுதத்தை அழைத்தார். நாகையாவை அழைத்தார். மேடை காலியாகவே இருந்தது. பாவம், ஜாமில் மாட்டிக்கொண்டார்கள் போல என்று நினைத்தபடி லோகன் சந்துக்குள் திரும்பினான்.

செடிகளுக்குப் பின்னால் நாகையா கடப்பாரையோடு குனிந்திருந்தார். வேலாயுதம் துளைபோடும் மெஷினை மயிலின் வயிற்றில் வைத்திருந்தார். நடுவில் உஷாராணி, ஒரு கையில் சம்மட்டி, மறு கையில் காலிச் சாக்கு. மூவரும் ஒருவரை ஒருவர் இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவர்கள்போல் வெறித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மெதுவாகத் திரும்பி, லோகனின் தோளில் கணகணத்த பையைப் பார்த்தார்கள்.

“ஆறு மாசமா இந்தச் சுவருக்காகத்தான் லா தண்ணி ஊத்துறேன்,” என்றார் உஷாராணி. “எல்லாரும் எனக்குப் பின்னால வரிசையில நில்லுங்க.”