ஜோடி மறந்தால்...

செங்கம் ரோடு லாட்ஜ் மாடியில் ஞாயிறுதோறும் பிரிட்ஜ் ஆட்டம் நடக்கும். சீட்டைப் பிடித்துக்கொண்டு இப்படி மிரளுகிற பெண்ணை அந்த மாடி கண்டதே இல்லை. அனுபமா கையில் ஸ்பேடில் ஆறு சீட்டு, ஹார்ட்டில் ஆறு சீட்டு. டைமண்ட் ஒன்றுகூட இல்லை.

வலப்பக்கம் இருந்த அருள்ராஜ் ஏலத்தைத் தொடங்கினார். "ஒரு டைமண்ட்."

அனுபமா தன் ஏலத்தைச் சொன்னாள். "ரெண்டு டைமண்ட்."

எதிராளி கேட்டதையே நாமும் கேட்டால், 'ஸ்பேடும் ஹார்ட்டும் என்னிடம் நிறைய இருக்கிறது, ஒன்றைச் சொல்' என்று ஜோடிக்குச் சொல்வதாக அர்த்தம். ஜோடி அதை மறந்து 'பாஸ்' சொன்னால், இல்லாத டைமண்டை வைத்து ஆடித் தோற்க வேண்டியதுதான்.

எதிரே உட்கார்ந்திருந்த ஜோடி, குசுமாவதி அம்மாள். போன வாரம் மறந்துதான் போனார்.

"இன்னா மேடம், பேயைப் பாத்த மாதிரி முழிக்கிறீங்க? ஆட்டம்தானே!" அருள்ராஜ் சிரித்தார். அவர் மனைவி 'பாஸ்' சொன்னாள்.

குசுமாவதி அம்மாள் சீட்டைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"நாலு ஹார்ட்."

அனுபமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்குப் போயி அழுவாங்களா!" அருள்ராஜுக்கு ஒரே வேடிக்கை.

ஆட்டத்தை ஜெயித்ததும் குசுமாவதி அம்மாள் கனிவாகக் கேட்டார். "சூப்பரா கேட்டம்மா. யாரு கத்துக்குடுத்தது?"

"எங்கம்மாங்க."

"அப்படியா! அவங்களையும் ஒருநாள் கூட்டிட்டு வாயேன்."

அருள்ராஜின் சிரிப்பு பாதியில் நின்றது.

"கூட்டிட்டு வரேன்" என்றாள் அனுபமா, தன்னைப் பெற்ற குசுமாவதி அம்மாளைக் கைபிடித்துப் படியிறக்கிக்கொண்டே.