மொட்டைமாடி டிஷ்

“என் தம்பி கப்பல்ல கிடந்து வேகுறான், நீ மொட்டைமாடியில பழைய டிஷ்ஷை வச்சு விளையாடுறியா?” நாத்தனார் கத்தினாள்.

தம்பி மனைவி, டிஷ்ஷிலிருந்து வந்த ஒயரை விரலளவு ரிசீவரில் மாட்டி, அதை லேப்டாப்பில் செருகினாள்.

போன் அடித்தது. அவள் கணவன்தான். நாத்தனார் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

“இப்பத்தான்க்கா துறைமுகத்துக்கு வந்தோம். மூணு மாசமா நடுக்கடல்ல யார்கூடவும் பேச வழியே இல்ல.”

“கேட்டுக்க!” என்று நாத்தனார் அவளை முறைத்தாள்.

அவள் போனருகே குனிந்தாள்.

“பொய்! கப்பலுக்குக் கொண்டுபோன ஹாம் ரேடியோ செட்டுல, சாட்டிலைட் வழியா தினம் சாயங்காலம் ஊர் உலகத்தோட அரட்டை அடிக்கிறீங்க. இந்த ஓட்டை டிஷ்ல எனக்கு எல்லாமே கேக்குது. திருப்பிப் பேசத்தான் முடியல.”

அவள் விடவில்லை.

“நேத்து ஒருத்தி, ‘வீட்ல யார் யாரு?’ன்னு கேட்டா. நீங்க என்ன சொன்னீங்க? ‘எனக்குன்னு ஒருத்தரும் இல்ல, தனிக்கட்டை’ன்னு சொல்லல?”

“அது... சும்மா விளையாட்டுக்கு...”

நாத்தனாரின் முகம் சிவந்துவிட்டது. போனை வாயருகே கொண்டுபோனாள்.

“டேய்! கட்டினவதான் இல்ல, வளர்த்த நானும் செத்தாடா போயிட்டேன்?”